மூன்று இரவுச் சத்திரம்

ஒரு கல்லின் மீது இத்தனை கோபம் வரும் என்று நான் எண்ணியதில்லை. கோபத்தில் எழுதியதை மறுநாள் காலையில் படித்துத் திருத்துவது என் வழக்கம். பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். திருத்தாமல் விட்ட பக்கங்கள் மிகக் குறைவு. இந்தக் கல்லைப் பற்றி எழுதியதில் மட்டும் இன்றுவரை ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

கல் இருப்பது திண்டிவனத்தில், ரயிலடிக்குப் போகும் சாலையை ஒட்டிய பழைய சத்திரத்தின் முகப்பில். நிலக்கடலை வியாபாரத்தில் செழித்த ஒருவர் வழிப்போக்கர்களுக்காகக் கட்டிய சத்திரம் அது. நடுவில் முற்றம், சுற்றிலும் கருங்கல் தூண்கள் தாங்கிய கூடம், பின்னால் மாட்டு வண்டிகளை அவிழ்த்துவிடுவதற்கென்று பெரிய கொல்லை. எனக்கு நினைவு தெரிந்து அங்கே எந்த வழிப்போக்கரும் தங்கியதில்லை. சிமெண்டு மூட்டை அடுக்கினார்கள். தேர்தல் சமயத்தில் போலீஸ்காரர்கள் படுத்தார்கள். பிறகு பூட்டிவிட்டார்கள். சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று வளர்ந்தது.

வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியாக அதை மாற்றலாம் என்று ஊரில் சிலர் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். தலைவர், அரசாங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பேன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அனுமதிக்கு அலைந்து, ஓடு மாற்றி, குளியலறை கட்டி, இரும்புக் கட்டில்கள் வாங்கிப் போட்டோம். பெண்களுக்கு ஒரு பக்கக் கூடம், ஆண்களுக்கு எதிர்ப்பக்கம். சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் ஓர் அம்மாவைப் பொறுப்பாளராக அமர்த்தினோம். விடுதி விதிகளை நான் எழுதினேன். சொல்லாமல் ஓர் இரவு வராதவரின் கட்டில் அடுத்தவருக்குப் போகும் என்பது அவற்றில் ஒன்று. அப்போது அது மிகச் சரியான விதியாகத்தான் பட்டது.

கல்லைக் கண்டுபிடித்தவர் தலைவர். முகப்புச் சுவரில் ஏடு ஏடாகச் சுண்ணாம்பு உரிந்தபோது உள்ளே எழுத்து தெரிந்திருக்கிறது. ஆள் வைக்காமல் அவரே நாற்காலி போட்டு ஏறி நின்று, தேங்காய் நாரும் வெந்நீரும் கொண்டு பல நாள் தேய்த்தார். குழிந்த எழுத்துகளில் சிவப்பு வண்ணம் தீட்டினார். திறப்பு விழாவன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்: "இந்தச் சத்திரத்தில் வழிப்போக்கர் யாவரும் மூன்று இரவு தங்கலாம். நாலாம் நாள் விளக்கு வைக்குமுன் புறப்பட வேண்டியது. இது தர்மம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வாசலுக்கு வெளியே, கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அவர் பேருந்து நிலையத்தில் அவித்த கடலை விற்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். முகையூர்ப் பக்கம் ஒரு கிராமம். கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம். புருஷன் போய், மழையில் மண்வீடும் விழுந்தபின் பிழைக்க இங்கே வந்து, நிலையத்துக் கடைசிக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தார். இடது கண்ணில் பார்வை கிடையாது. எங்கள் விடுதிக்கு முதலில் வந்தவர் அவர்தான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை யம்மா என்றார்.

நாலாம் நாள் காலையில் பொறுப்பாளர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், அந்தக் கடலைக்கார அம்மா நேத்து சாயந்திரமே போர்வைய மடிச்சு வச்சிட்டுப் பூட்டாங்க."

"ஏதாவது சண்டையா?"

"சண்டைலாம் இல்ல. நல்லா சாப்ட்டாங்க. கொழம்பு நல்லா இருக்குதுன்னு வேற சொன்னாங்க. கல்லுல மூணு ராத்திரின்னு போட்டிருக்குதாமே."

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதே."

"அதான் உங்க தலைவரு மைக்கு வச்சுப் படிச்சுக் காமிச்சாரே. அந்தக் கல்லைத் தேய்ச்ச நேரத்துல எங்களுக்கு ஒரு தண்ணி டேங்க்கைத் தேய்ச்சுக் குடுத்திருக்கலாம்."

சொல்லவேண்டியது ஒன்று விட்டுப்போனது. விடுதியில் அவர் தங்கிய முதல் இரவு திறப்பு விழாவுக்கு முந்தியது. ஆட்கள் தங்கியிருப்பதாகக் காட்டித்தான் விழா நடத்த வேண்டும் என்று அனுமதி கொடுத்த அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அதனால் அவரது மூன்று இரவு எங்கள் கணக்குக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஓர் இரவு பேருந்து நிலையத்தில் படுத்துவிட்டு மறுநாள் காலையில் அவர் திரும்பி வந்தார், புதிதாக வருகிறவர்போல வாசலில் நின்று, "தங்க எடம் இருக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டு. பொறுப்பாளர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விதிப்படி அந்தக் கட்டில் அவருடையது அல்ல. மற்றவர்களிலும் ஒன்றிரண்டு பேர் முதல் வாரத்தில் அவரைப் பார்த்து வெளியே போய் வந்தார்கள்; மழை ஒன்று பெய்ததும் அவர்கள் கல்லை மறந்துவிட்டார்கள். இவர் மட்டும் மறக்கவில்லை. மூன்று இரவு உள்ளே, ஓர் இரவு வெளியே. நானும் என் விதியை மீறி அந்தக் கட்டிலைக் காலியாகவே வைத்திருந்தேன். ஒரு விதியை எழுதியவரே மீறுவதுபோல எரிச்சல் வேறில்லை.

இதெல்லாம் எரிச்சலாக மட்டும் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மாசி மாதத்தில் ஒருநாள், அவர் சில்லறைக்குப் பதிலாகக் கடலையைத் திருப்பிக் கொடுத்தார் என்று பேருந்தில் இருந்த ஒருவர் கத்தியிருக்கிறார். வலது கண்ணும் மங்கிவிட்டது. நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, விழுப்புரம் போகும் வழியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போனேன்.

கண் மருத்துவர் இளம்பெண். விளக்கடித்துப் பார்த்தார். இடது கண்ணையும் பார்த்தார்.

"இதுல ஆபரேஷன் ஆயிருக்கே. எப்படிக் கெட்டுப்போச்சு?"

"கேம்ப்புல பண்ணாங்க தாயீ. பண்ணிட்டு பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தேன். மண்ணு பூந்து சீழு கட்டிக்கிச்சு."

மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வலது கண்ணுக்குச் சீக்கிரம் பண்ணணும். ஆனா மறுபடியும் அந்தமாதிரி ஆச்சுன்னா இவங்களுக்கு ரெண்டும் போயிடும். முதல் பத்து நாள் ஒரு ராத்திரிகூட வெளியில படுக்கக் கூடாது. தூசி, அடுப்புப் புகை, தலைக்குக் குளிக்கறது எதுவும் கூடாது. சொட்டு மருந்து வேளாவேளைக்கு இன்னொருத்தர் விடணும். நான் பாத்துக்கறேன்னு ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கிட்டா தேதி தர்றேன்."

"நான் பொறுப்பு" என்றேன். யோசிக்காமல் சொன்னேன் என்று சொல்ல முடியாது. யோசித்தேன். ஓட்டை இல்லாத ஓட்டுக் கூரை, கழுவிய தரை, கொசுவலை, பக்கத்திலேயே ஆள் இருக்கும் விடுதியை நான் நடத்துகிறேன். இதற்காகத்தானே அதை உண்டாக்கினோம்?

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அவரை உட்கார வைக்காமல் நான் உட்கார்ந்துகொண்டேன். விக்கிரவாண்டியைத் தாண்டுமுன்பே ஆரம்பித்தேன்.

"அக்கா, பத்து நாளும் விடுதியிலயே இருக்கணும். டாக்டர் சொன்னதைக் கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன் யம்மா. மூணு ராத்திரி இருக்கறேன். ஒரு ராத்திரி எங்கனா ஒதுங்கிக்கறேன். மறுக்கா வந்துடறேன்."

"எங்க ஒதுங்குவீங்க? போன தடவை ஒதுங்கினீங்களே, கண்ணு போச்சே!"

"கத்தாத. வண்டில எல்லாரும் பாக்கறாங்க."

குரலைத் தணித்தேன். அந்தக் கல் எந்தக் காலத்திலோ யாரோ பதித்தது, இன்றைக்குச் சட்டம் அல்ல, நாங்கள் எழுதிய விதிதான் சட்டம், அதில் மூன்று இரவு என்று எதுவும் இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் நான் ஒன்று சொன்னேன்: "அதுவும் இல்லாம, அந்தக் கல்லுல எழுதினது உங்களுக்கு எழுதினதே இல்லக்கா."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அது எனக்குத் தெரியும். எங்க ஆளுங்களை அப்ப வாசப்படியே ஏற வுட மாட்டாங்க. எங்கப்பா ஆண்டைக்கு வண்டி ஓட்டிக்கினு இங்க வருவாரு, மல்லாட்டை மூட்டை, இந்தக் கடலைதான், ஏத்திக்கினு. ஆண்டை உள்ள படுப்பாரு. எங்கப்பா பின்னால கொல்லையில மாட்டோட படுப்பாரு. ஒருவாட்டி மண்டியில வெலை படியலை. ஆண்டை இன்னும் ரெண்டு நாளு இருக்கணும்னு பாத்தாரு. மூணு ராத்திரி ஆச்சு, கெளம்புன்னுட்டாங்க. பொட்டியத் தூக்கிக்கினு அவரும் வெளிய வந்து வண்டிக்கு அடியில படுத்தாரு, எங்கப்பாவுக்குப் பக்கத்துல. அதை எங்கப்பா சாவறமுட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஊர்ல இருக்கற எந்தச் சட்டமும் ஆண்டையத் தொடாது. அந்த ஒரு சட்டந்தான் தொட்டுச்சு."

"சரி, அதனால?"

"இப்ப என்னை உள்ள வுட்டுட்டீங்க. கட்டிலு போட்டு வுட்டீங்க. உள்ள படுத்தவங்களுக்கு இன்னா சட்டமோ அதான எனக்கும்? உனக்கு மட்டும் அது கெடையாது, நீ கெட அப்டின்னா, அப்ப நான் யாரு?"

அவர் கேட்டது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதால் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. நியாயம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாது, தூசியைத் தடுக்காது. அந்தப் பெண் தன் அப்பாவின் சிரிப்புக்காகத் தன் ஒற்றைக் கண்ணைப் பணயம் வைக்கிறார் என்று இருந்தது எனக்கு. திண்டிவனத்தில் இறங்கும்போது, "கோவமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது. வந்து காப்பி குடி" என்றார்.

மறுநாள் தலைவரிடம் போனேன். அவர் முற்றத்தில் நின்று தூண்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டது மிகச் சிறிய விஷயம். அந்தக் கல்லின் மேல் ஒரு கை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அல்லது, கீழே ஒரு பலகை வைத்து, இப்போது தங்குவதற்கு இத்தனை நாள் என்ற வரம்பு இல்லை என்று எழுத வேண்டும். அந்தப் பலகையையும் அதே மைக்கில் வாசிக்க வேண்டும்.

"சுண்ணாம்பா? ஏம்மா, நீங்க படிச்சவங்கதானா? இது ஹெரிடேஜ். நாளைக்கே யாராவது ஆராய்ச்சிக்கு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"பலகையாவது வைக்கலாமே சார்."

"ஆணி அடிக்கணும். அந்தச் சுவத்துல நான் ஆணி அடிக்க விடமாட்டேன்."

"கல்லுல இருக்கறதை நம்பி ஒரு அம்மா கண்ணை இழக்கப்போறாங்க."

"அப்படி ஒரு எழுத்துக்கு இன்னைக்கும் ஒருத்தர் கட்டுப்படறாங்கன்னா, அது எவ்வளவு பெரிய விஷயம்! இதை நான் ஒரு கட்டுரையாவே எழுதலாம்மா."

அவர் கெட்டவர் அல்லர். விடுதிக்காக அலைந்த அலைச்சலில் அவரது செருப்பு தேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கேமராவைப் பிடுங்கி முற்றத்துக் கிணற்றில் போட வேண்டும்போல இருந்தது. கடைசியில் அவர், கட்டடத்துக்குப் பொறுப்பான அலுவலகம் எழுத்தில் அனுமதி கொடுத்தால் பலகை வைக்கத் தடையில்லை என்றார். தரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் சொன்னார்.

விழுப்புரத்தில் அந்த அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் மாடியில் இருந்தது. எழுத்தரிடம் என் மனுவைக் கொடுத்தேன். முழுதும் படித்தார். படிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

"மேடம், இது பாதுகாக்கப்பட்ட கட்டடமா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இல்ல மேடம். எங்ககிட்ட அப்படி எதுவும் பதிவு இல்ல."

"அப்படின்னா பலகை வைக்கலாம்னு எழுதிக் கொடுத்துடுங்க."

"பாதுகாக்கப்பட்டதா இருந்தா அனுமதி கொடுக்கலாம், இல்ல மறுக்கலாம். பாதுகாக்கப்படாததுக்கு நாங்க எப்படி அனுமதி கொடுக்கறது?"

"அனுமதி தேவையில்லைன்னு எழுதிக் கொடுங்களேன்."

"தேவையில்லாததை எழுதிக் கொடுக்க முடியாதுங்களே. ஆடிட்டுல கேப்பாங்க." பிறகு இரக்கத்தோடு சொன்னார்: "எதுக்கு மேடம் பேஜாரு? நீங்களே ஒரு பலகைய மாட்டிடுங்க. யாரு வந்து பாக்கப்போறா?"

தலைவர் பார்ப்பார் என்று நான் அவரிடம் விளக்கவில்லை. பேருந்தில் உட்கார்ந்து, போன வேலையின் பலன் என்ன என்று எழுதுவதற்கு நாட்குறிப்பைப் பிரித்தேன். எழுத எதுவும் இல்லை. மூடிவிட்டேன்.

அறுவைக்குத் தேதி வந்துவிட்டது. கல் அப்படியே இருந்தது, பலகை வரவில்லை. மீதியிருந்தது ஒரே வழி. நாலாம் இரவுக்குத் தூசியில்லாத வேறோர் இடம் வேண்டும். சத்திரத்து முன்வாசல் ஆகாது. லாரிகள் போகும் சாலை அது. பின்கொல்லை இரண்டு சக்கர வாகனம் நிறுத்தும் இடமாகிவிட்டது. அதில் படுக்கச் சொல்ல எனக்கு நாக்கு வராது. பொறுப்பாளர் விடுதியிலேயே தங்குபவர். அவருக்கும் வேறு வீடு இல்லை.

என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அதுவரை ஏன் அது தோன்றவில்லை என்று கேட்டால், தோன்றியது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரை நினைத்துத் தள்ளி வைத்திருந்தேன்.

அக்கா யோசித்தார். "உன் வூடு சத்திரம் இல்ல. அங்க வந்தா நான் விருந்தாடி. அது பரவாயில்ல. வர்றேன்."

நான் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். தனியாள். மகள் புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். யார் வந்து தங்கினாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. நான் எப்போதும் சொல்லிவிடுவேன். இதையும் சொன்னேன்.

"சொந்தமா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லீங்க. கண் ஆபரேஷன் ஆனவங்க. ஒரு ராத்திரி மட்டும்."

"எந்த ஊரு?"

"முகையூர் பக்கம்."

"அது சரிங்க. ஊருக்குள்ளயா, வெளியவா?"

"இப்போ பஸ் ஸ்டாண்டுல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு ராத்திரின்னா சரி. படிக்கட்டுல உக்காராம பாத்துக்கோங்க. வீட்ல பூஜை இருக்குது" என்றார். என்ன பூஜை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கண்ணுக்கு மேல் துளையிட்ட பிளாஸ்டிக் மூடியும் கறுப்புக் கண்ணாடியுமாக அவரை அழைத்து வந்து விடுதிக் கட்டிலில் படுக்க வைத்தோம். பொறுப்பாளர் அந்தப் பக்கமே தாளிக்கவில்லை. பள்ளிக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நான் மருந்து விட்டேன். நடுவில் பொறுப்பாளர் விட்டார். "கண்ணைத் தொடாதக்கா, அடிப்பேன்" என்று அவர் மிரட்டுவதும், "அடி பாக்கலாம், அடிச்சா உன் கொழம்புல உப்பு இல்லன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்" என்று இவர் திருப்புவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று இரவுகள் அப்படிக் கழிந்தன. நாலாம் நாள் மாலை நான் போகும்போதே போர்வையை மடித்துவைத்து, தலைவாரி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு பொட்டலம் அவித்த கடலை. அடுப்புக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பதால் நிலையத்தில் உடன் விற்கும் பெண்ணிடம் சொல்லி வரவழைத்து, தானே பொட்டலம் மடித்திருக்கிறார்.

"விருந்தாடிக்குப் போறவ வெறுங்கையோட போவ முடியுமா?" என்றார்.

ஆட்டோவில் இருபக்கமும் துணி கட்டச் சொல்லி அழைத்துப் போனேன். படிக்கட்டின் அடியில் வீட்டுக்காரரின் மனைவி நின்றிருந்தார். அக்கா ஒரு பொட்டலத்தை நீட்டினார். "சூடா இருக்குது, சாப்புடுங்க தாயீ." அந்த அம்மா வாங்கிக்கொண்டார். நான் நிம்மதியானேன்.

என் வீட்டில் எல்லாவற்றுக்கும் இடமும் முறையும் உண்டு. துண்டு எங்கே, டம்ளர் எங்கே என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அக்கா கட்டிலில் படுக்க மறுத்துப் பாய் கேட்டார். விருந்தாளி சொன்னதைக் கேட்க வேண்டும் என்றார். கேட்டேன். மருந்து விட்டேன். சாப்பாட்டில் கீரை கடைசல் கொஞ்சம் கெட்டி என்றார். பிறகு நன்றாகத் தூங்கினார். நான்தான் அடிக்கடி எழுந்து பார்த்தேன், கைபட்டு மூடி விலகியிருக்கிறதா என்று. விலகவில்லை.

காலையில் அவரைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டு வந்தபோது, கடைசிப் படியில் அந்தக் கடலைப் பொட்டலம் இருந்தது. பிரிக்கவே இல்லை. எறும்பு மொய்த்திருந்தது. படி முழுதும் அப்போதுதான் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். பொட்டலத்தை மட்டும் எடுக்காமல் சுற்றிக் கழுவியிருந்தார்கள்.

அக்காவுக்குக் கறுப்புக் கண்ணாடிக்குள் அது தெரியாது என்று நினைத்தேன். காலால் ஓரம் தள்ளப் பார்த்தேன்.

"வுடு யம்மா. ஈரம் வழுக்குது, மெதுவா வா" என்றார். ஆட்டோவில் ஏறிய பிறகு சொன்னார்: "அந்தக் காகிதம் நேத்து நான் மடிச்சது. எனக்குத் தெரியாதா?"

விடுதி வாசலில் இறங்கி, "தங்க எடம் இருக்குதாம்மா?" என்று கேட்டார். பொறுப்பாளர், "இருக்குது, உப்பில்லாத கொழம்பும் இருக்குது, வாங்க" என்றார். நான் அங்கிருந்து நேரே பள்ளிக்குப் போய், அன்றைக்கு ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. வருகைப் பதிவில் இரண்டு வகுப்புகளை மாற்றி எழுதினேன். என் பணியில் அப்படி நடந்ததே இல்லை.

அடுத்த நாலாம் நாளும் வந்தது. இம்முறை வீட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அழைத்து வந்தேன், தங்கினார், போனார். அவர் கையில் பொட்டலம் ஒன்றுதான் இருந்தது.

பத்து நாள் கழித்து மருத்துவர் மூடியை எடுத்து விளக்கடித்துப் பார்த்தார். சீழ் இல்லை, சிவப்பு இல்லை. எதிர்ச் சுவரில் விரல் காட்டி எத்தனை என்று கேட்டார். அக்கா சரியாகச் சொன்னார். "உங்க மோதிரம் கோணலா இருக்குது தாயீ" என்று கூடுதலாகவும் சொன்னார். மருத்துவர் சிரித்துக்கொண்டே என்னிடம், "நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க. விடுதியில நல்ல வசதி போல" என்றார். ஆமாம் என்றேன். சொட்டு மருந்தை இன்னும் சில வாரம் தொடர வேண்டும், அதுவரை வெளியில் படுப்பதைத் தவிர்ப்பது நல்லது என்றார். சில வாரம் என்றால் எத்தனை நாலாம் நாள் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. நிறுத்திவிட்டேன்.

அக்கா பகலில் மறுபடியும் கூடையோடு நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார். பேருந்தின் பலகையில் உள்ள எழுத்து புரியாவிட்டாலும், கிளியனூர் வண்டியா திருவெண்ணெய்நல்லூர் வண்டியா என்று நிறத்தை வைத்துச் சொல்கிறார் என்று பொறுப்பாளர் சொன்னார். தலைவர் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு என்னிடம் படிக்கக் கொடுத்திருக்கிறார். நான் இன்னும் பிரிக்கவில்லை.

மூன்றாம் முறை அவர் வந்து போன அன்று மாலை வீட்டுக்காரர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"ஒரு ராத்திரின்னு சொன்னீங்க."

"ஒவ்வொரு தடவையும் ஒரு ராத்திரிதாங்க."

"இது சரிப்படாதும்மா. இது குடும்பம் இருக்கற வீடு. உங்களுக்கு அவங்கதான் முக்கியம்னா வேற வீடு பாத்துக்கோங்க."

"எப்போ வரைக்கும்?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. நான் கெஞ்சுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். "நான் என்ன, இன்னைக்கேவா போகச் சொல்றேன்? நிதானமா பாருங்க" என்றார்.

நிதானமாகப் பார்ப்பது என் இயல்பு அல்ல. மறுநாள் பள்ளி விட்டதும் இரண்டு வீடுகள் பார்த்தேன். ஒன்று பள்ளிக்குப் பக்கத்தில். மற்றது ரயிலடிக்குப் போகும் வழியில், மாடி, காற்றோட்டம் பரவாயில்லை. இரண்டு இடத்திலும் முதலில் கேட்டது நான் தனியாளா என்பது. அடுத்துக் கேட்டது, விருந்தாளிகள் அதிகம் வருவார்களா என்பது.

வருவார்கள், நாலு நாளைக்கு ஒருமுறை ஒருவர் என்று சொன்னேன். யார் என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். யோசித்துவிட்டுப் போன் செய்வதாக இரண்டு வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள்.